ஒன்று மாட்டுவதே போதும்

பிள்ளைகளே, ஹட்டனில் பாட்டுச் சாமான் விற்கும் கடையில் ஒரு மனிதரைச் சந்தித்தேன். பேசும்போதும் அவருடைய இடது கை விரல்கள் குடைக்கம்பைக் கிட்டார் போல அழுத்திக்கொண்டே இருந்தன. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாமல் கிட்டார் பழக, ஹெட்போன் மாட்டும் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது.

“இதுல ரெண்டு ஹெட்போன் மாட்டலாம் மாஸ்டர். போன தடவ இதத்தானே கேட்டீங்க?” என்றார் கடைக்காரர்.

“ஒண்ணு மாட்டுறதே குடுங்க. கூட உக்காந்து கேட்ட மகள கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிட்டோம்.”

“காசு அனுப்புதுல்ல? அப்புறம் என்ன!”

“அனுப்புது. அதுலதாங்க இத வாங்குறேன்.”

அவர் விரல்கள் நின்றுவிட்டன.

உங்களில் மூத்தவளுக்கும் கொழும்பில் வேலை பேச, பஸ் நிலையத்தில் ஒரு தரகர் எனக்காகக் காத்திருந்தார். நான் அந்தப் பக்கம் போகாமல், குறுக்குப் பாதையில் தனியே நடந்து வீடு வந்தேன்.