எண்ணிக் கூறு

"டீச்சர், டீசிய குடுத்துருங்க. டவுன் ஸ்கூல்ல இருந்து வேன் வருது, அங்கன சேத்துக்கிறேன்."

மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்து நின்ற அந்தோணியம்மாள் இப்படித்தான் ஆரம்பித்தார். பாம்பன் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் குறைவான பள்ளி. யாராவது டீசி கேட்டால் பள்ளியையே மூடிவிடுவார்களோ என்று பயம். அதுவும் இவர் கேட்டது ஜெனிட்டாவின் டீசி. பேச்சு குறைவு, ஆனால் ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளை. அவளை அனுப்ப எனக்கு மனசே இல்லை.

"ஏம்மா, என்ன குறை?"

"எம்மவளுக்கு எண்ணவே தெரியலன்னு கூட்டத்துல நீங்கதான சொன்னீக? தெனம் சிப்பிய வச்சு வெளாண்டுட்டு வாரா. அதுக்கு நான் கடக்கரைக்கே அனுப்பிருவனே, இங்கன எதுக்கு?"

செயல்வழிக் கற்றல் என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. சிப்பி, புளியங்கொட்டை, ஐஸ் குச்சி என்று வகுப்பையே பொட்டிக்கடை மாதிரி ஆக்கி வைத்திருந்தேன். செயல்பாட்டு அட்டைகளை நானே உட்கார்ந்து எழுதினேன், அதுவும் நல்ல தமிழில். ஆனால் எத்தனை சிப்பி கொடுத்தாலும் ஜெனிட்டா மூணு என்பாள், நாலு என்பாள். வேறு வழியில்லாமல் அவளைக் கடைசிக் குழுவில் வைத்திருந்தேன்.

"நீங்களே பாருங்கம்மா" என்று சொல்லி அவளைக் கூப்பிட்டேன். இருபது சிப்பியையும் ஓர் அட்டையையும் கொடுத்தேன். 'சிப்பிகளை எண்ணிக் கூறு' என்று அதில் எழுதியிருந்தது.

அவள் உதட்டை அசைத்து அட்டையைப் படித்தாள். பிறகு சிப்பிகளை ஐந்தைந்தாகப் பிரித்துக் குவித்தாள்.

"எத்தனை?"

"நாலு டீச்சர்."

எப்படி, நான் சொன்னது சரிதானே என்பதுபோல் அம்மாவைப் பார்த்தேன். அவரோ எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"சரியாத்தான சொல்றா? நாலு கூறு இருக்குல்ல?"

"அட்டையில கூறுன்னுதான் டீச்சர் போட்டுருக்கு" என்றாள் ஜெனிட்டா மெதுவாக.

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வாரம் தவறாமல் இந்த அம்மாவிடம்தான் நான் ஒரு கூறு நகரை, ஒரு கூறு சூடை என்று மீன் வாங்குகிறேன். மீன் குவியலுக்குக் கூறு என்று பெயர் என்பது எனக்குத் தெரியாதா என்ன? அட்டை எழுதும்போது மட்டும் இலக்கணத் தமிழ் வந்து உட்கார்ந்துகொண்டது. மற்ற பிள்ளைகள் அட்டையைத் திரும்பியே பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எண்ணிச் சொல்லிவிடுவார்கள். எழுதியதை ஒழுங்காகப் படித்துச் செய்தவள் இவள் ஒருத்திதான்.

இன்னும் இரண்டு சிப்பியைப் போட்டேன். "இப்ப மொத்தம் எத்தனை சிப்பி?"

"இருவத்திரெண்டு" என்றாள் பட்டென்று. "நாலு கூறு, மீதி ரெண்டு."

வகுத்தல் பாடத்தை நான் இன்னும் தொடங்கவே இல்லை. சந்தோஷத்தில் அவளை அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டேன். "மீதி ரெண்டை என்னடி பண்றது?"

"செபஸ்தியாரு தாத்தாவுக்கு. கண்ணு தெரியாதுல்ல, அவுகளுக்கு."

"கூறுல அடங்காத மீன நான் விக்க மாட்டேன் டீச்சர், அவுகளுக்குத்தான் குடுத்துருவேன்" என்றார் அம்மா. அவர் முகத்திலும் இப்போது சிரிப்பு இருந்தது.

"அப்ப டீசி?"

"அது கெடக்கட்டும். மொதல்ல அட்டைய திருத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அன்றைக்கே 'எண்ணிச் சொல்' என்று மாற்றி எழுதினேன். புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளை தப்பாகச் செய்தால், நீங்கள் கேட்டது அதன் காதில் என்னவாக விழுந்தது என்று முதலில் விசாரியுங்கள்.

இப்போது வகுத்தல் பாடத்தை ஜெனிட்டாவின் கூறுகளை வைத்துத்தான் தொடங்குகிறேன். பலகையில் 'மீதி 2' என்று எழுதிவிட்டு நான் அடுத்த கணக்குக்குப் போனால் பிள்ளைகள் விடுவதில்லை.

"யாருக்குன்னு எழுதலயே டீச்சர்?"