பிய்யாத்து பொறுக்க மறுத்த குற்றம்

நோன்புப் பிறைக்கு முந்தின வாரம் பொன்னானியில் எங்கள் தெருவில் எந்தச் சாமானும் இருந்த இடத்தில் இருக்காது. நனைச்சுக்குளி என்று அதற்குப் பேர். குளிப்பது மனிதரல்ல, வீடு. கட்டில், பெட்டி, பலகை எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும் பாறகத்து இலையால் கதவைத் தேய்த்துத் தேய்த்து எங்கள் கையெல்லாம் காந்தும். அடுத்த சுவர்க்காரி பிய்யாத்து அத்தனையையும் தனி ஆளாகச் செய்வாள். கட்டிலை எப்படி ஒருத்தியாக வெளியே கொண்டுவருகிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"கழட்டித்தான். ஒரு நாளைக்கு ரெண்டு கால், மறுநாள் சட்டம்" என்றாள். கூப்பிட்டிருந்தால் நான் போயிருப்பேன். அவள்தான் யாரையும் கூப்பிடும் ரகமில்லையே.

புருஷன் ஹம்ஸு கல்யாணமான மூன்றாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. முன்னறையைத் தையல்காரனுக்கு வாடகைக்கு விட்டு, பின்னறையில் அவள் வாழ்ந்தாள். யாரோடும் ஒரு சொல் தடித்துப் பேசியதில்லை. நல்லவள் என்று தெருவே சொல்லும். சொல்லிவிட்டு அவளை மறந்துவிடும். எனக்கு அது பற்றிக்கொண்டு வரும். நான் வாய்க்காரி. தெருவில் பாதிப் பேரோடு எனக்குச் சண்டை, மீதிப் பேரோடு சண்டை ஆறிக்கொண்டிருக்கும். ஆனாலும் என் வீட்டில் ஆள் ஓய்ந்ததில்லை.

வீட்டைக் கழுவியானதும் மனசைக் கழுவ வேண்டும். மனசில் பகையை வைத்துக்கொண்டு நோற்கிற நோன்பு மேலே ஏறாது என்று பள்ளிவாசல் உஸ்தாத் பராஅத் இரவு அன்று எப்போதும் சொல்வார். அதனால் பிறைக்கு முன்னே வீடு வீடாகப் போய், "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதைப் பொறுத்துத் தரணும்" என்று கேட்பது எங்கள் வழக்கம். அந்த வாரம் என் வீடு சந்தைக்கடைதான். திட்டினவளும் வருவாள், திட்டு வாங்கினவளும் வருவாள். கட்டிப்பிடித்து அழுது, பெருநாள் கழிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

பிய்யாத்து எல்லா வீட்டுக்கும் போவாள். அவளிடம் கேட்க யாரும் வந்ததில்லை. அவளோடு யாருக்கும் ஒரு வழக்கும் இல்லையே, எதற்கு வருவார்கள்?

போன வருஷம் எதிர்வீட்டில் கேட்கப் போனபோது அங்கே ஒருத்தி சிரித்துவிட்டாள். "நீங்க என்ன செஞ்சீங்கன்னு இத்தாத்தா நாங்க பொறுக்கறது? ஏதாவது ஒரு தப்புப் பண்ணிட்டு வாங்க!" கேலிதான், வேறொன்றுமில்லை. பிய்யாத்துவும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அது முள்ளாகத் தைத்திருக்கிறது.

இந்த வருஷம் வீடு கழுவி முடித்த அன்றைக்குச் சுவரோரம் வந்து நின்றாள்.

"மறியா, இந்தத் தடவை நான் போகப் போறதில்லே."

"எங்கே?"

"பொறுத்துக்கச் சொல்லி. வயசு அறுபதாச்சு. எங்கிட்டே ஒருத்தியாவது கேக்க வர்றாளான்னு பாக்கறேன். உம்மத்துக் கூட்டத்துலே நானும் ஒருத்திதானே? எனக்கு ஒரு குறையாவது யாரும் வைக்காமலா இருந்திருப்பாங்க?"

"யாரும் வரலேன்னா?"

"வரலேன்னா, இருந்தும் இல்லாதவதான்னு தெரிஞ்சிடும். தெரிஞ்சுக்கிட்டு நோன்பு பிடிக்கிறேன்."

நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அவள் கண்ணாடித் தம்ளர்களைத் துலக்கி வைத்தாள். தேங்காய்ப் பணியாரம் சுட்டாள். பிளாஸ்க்கில் தேயிலையை நிறைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். முதல் நாள் ஒரு ஈ, காக்கை வரவில்லை. சாயங்காலம் தேயிலையைச் சாக்கடையில் ஊற்றுகிற சத்தம் என் அடுக்களைக்குக் கேட்டது. மறுநாளும் ஊற்றினாள்.

மூன்றாம் நாள் தெரு விழித்துக்கொண்டது. எப்போதும் முதலில் வருகிறவள் ஏன் வரவில்லை? பிய்யாத்துவுக்குக் கோபம் என்று ஒருத்தி சொன்னாள். யார்மேல் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் ஒவ்வொருத்திக்கும் தன்மேல்தான் என்று தோன்றிவிட்டது. அவரவர் நெஞ்சு குறுகுறுத்தது. ஒருநாளும் கோபிக்காதவள் கோபித்தால் அந்த நோன்பு என்னாவது?

வரத் தொடங்கினார்கள் பாருங்கள்.

முதலில் மீன்கார அலவி. "இத்தா, பொறுத்துக்கணும். மிச்சப்பட்ட மீனைத்தான் இத்தனை நாளும் உங்களுக்குப் போட்டேன். நீங்க செவுளைத் திறந்து பாக்கமாட்டீங்க, அதான்."

அடுத்து பள்ளித்தெரு தித்திக்குட்டி. மகள் கல்யாணத்துக்கு எல்லாரையும் அழைத்துவிட்டு இவளை மட்டும் மறந்திருந்தாள். "விட்டுப்போச்சு இத்தாத்தா, வேணும்னு இல்லே" என்றாள். அந்தக் கல்யாணத்துக்காக பிய்யாத்து பெட்டியிலிருந்து தலையில் போடும் கசவுத் தட்டத்தை எடுத்து, அழைப்பு வரும் என்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்ததை நான் பார்த்தவள். இவளோ, "அதுக்கென்ன, பொறுத்தாச்சு" என்றாள்.

பிறகு குஞ்ஞாமினா. அவள் சொன்னதை எழுதவே எனக்குக் கூசுகிறது. ஹம்ஸு செத்தது இவள் காலடி ராசி என்று அந்தக் காலத்தில் தெருவெல்லாம் போய்ச் சொன்னது தான்தான் என்றாள். பிய்யாத்து "அப்படியா சொன்னே" என்று மட்டும் கேட்டாள். பிறகு அதையும் பொறுத்தாள். நானாயிருந்தால் தம்ளரை எடுத்து வீசியிருப்பேன்.

அப்படி வந்தவர் யாரும் உட்காரவில்லை. பொறுத்தாச்சு என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் மலர்ந்து, செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். "ஒரு தேயிலை குடிச்சிட்டு…" என்று இவள் தொடங்கும்போதே, "ஐயோ, பத்திரிக்கு மாவு வறுக்கணும் இத்தாத்தா!" என்பார்கள். பணியாரம் அப்படியே இருந்தது.

பிறை பார்க்கிற அன்று அசர் தொழுகைக்குப் பிறகு நான் போனேன். கால்களை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"ஆசைப்பட்டபடி எல்லாரும் வந்தாச்சே, பின்னே எதுக்கு இந்த மூஞ்சி?" என்றேன்.

"வந்தாங்க. ஒவ்வொருத்தரும் ஒண்ணைக் கொண்டுவந்து இறக்கிட்டுப் போனாங்க. அவங்க மனசு காலியாச்சு. எனக்குத் தெரியாம இருந்ததெல்லாம் இப்போ எனக்குத் தெரியும். இதை வச்சுக்கிட்டு நான் மட்டும் உக்காந்திருக்கேன் மறியா. முன்னேயே தேவலாம் போல இருக்கு."

ஆறிய பணியாரத்தில் இரண்டைத் தின்றேன். என்னால் முடிந்தது அதுதான்.

மஃரிபு பாங்கு முடிந்து கொஞ்ச நேரத்தில் பள்ளியில் நகரா முரசு கொட்டினார்கள். பிறை கண்டாயிற்று. அப்போதுதான் எதிர்வீட்டு மருமகள் தாஹிரா ஓடிவந்தாள். கல்யாணம் முடிந்த மாசமே புருஷன் அபுதாபிக்கு விமானம் ஏறிவிட்டான். மாமியாரும் நாத்தனார்களும் நிறைந்த வீட்டில் அவளோடு பேச ஆளில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

"இத்தாத்தா, உங்க கறிவேப்பிலைக் கன்னு பட்டுப்போச்சே, அது பூச்சியில்லே. நான்தான் தெரியாம சுடுகஞ்சித் தண்ணியை அதுமேலே கொட்டிட்டேன். பயந்துக்கிட்டு சொல்லலே. பொறுத்துக்கணும். நாளைக்கு நோன்பு."

"பொறுத்தாச்சு" என்று வரும் என்று நானும் காத்திருந்தேன். பிய்யாத்து அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

தாஹிரா விக்கித்துப்போனாள். நானும்தான்.

"அது நான் நட்டு வளர்த்த செடி. சும்மா பொறுக்க முடியாது மோளே. நாளைக்கு நோன்பு திறக்கற நேரத்துக்கு ஒரு கன்னு கொண்டுவா. நீயே நடணும். தினமும் நீயே வந்து தண்ணி ஊத்தணும். அது தளிர் விடட்டும், பொறுக்கறதா வேண்டாமான்னு அப்புறம் பாக்கலாம்."

"மாமியார் கேட்டா?"

"பிய்யாத்து இன்னும் பொறுக்கலேன்னு சொல்லு. விடுவாங்க."

அழுகிற முகத்தோடு அவள் போனதும் எனக்குக் கொதித்தது. "உனக்கு நெஞ்சுலே ஈரம் இருக்கா? ராசி கெட்டவன்னு சொன்னவளைப் பொறுத்தே. ஒரு செடிக்காக, தனியாக் கிடந்து தவிக்கிற பச்சைப்பிள்ளையை நோன்பும் அதுவுமா அழவிட்டுட்டியே!"

அவள் எழுந்து பிளாஸ்க்கைக் கழுவத் தொடங்கினாள். முதுகைக் காட்டிக்கொண்டேதான் சொன்னாள்.

"அவ வாசல்லே கால் வைக்கும்போதே பொறுத்துட்டேன் மறியா. அது படைச்சவனுக்குத் தெரியும். அவகிட்டே சொன்னா அவளும் போயிடுவா. நீயும் சொல்லிடாதே."

மறுநாள் மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். தாஹிரா முற்றத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். உள்ளே பாயில் இரண்டு தம்ளர் ஜீரகக்கஞ்சி, இரண்டு பேரீச்சம்பழம். இந்தத் தெருவில் எந்த ரகசியமும் என் வாயில் ஒரு பொழுது தங்கியதில்லை. இதை மட்டும் இன்றுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.