தவிட்டுக்கு விற்ற பிள்ளை

பேய், சூனியம் என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவள், இடி எப்படி இடிக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவள். அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. நானே சிரித்துத் தள்ளிவிடப் பார்த்தேன், முடியவில்லை.

மொரீஷியஸ் சுதந்திரம் அடைவதற்குச் சில வருடங்களுக்கு முன் எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டும் ஆண், இரண்டும் மாதம் நிறையாமல். பெரியவன் எப்படியோ சமாளித்துக்கொண்டான். சின்னவனை ஆஸ்பத்திரியில் பஞ்சில் சுற்றி, பக்கத்தில் வெந்நீர்ப் புட்டி வைத்து, மூக்கில் குழாய் விட்டுப் பால் கொடுத்தார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருப்பேன், காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். உள்ளே கன்னியாஸ்திரி நர்ஸ் அவன் துணியில் மாதா பதக்கம் ஒன்றைக் குத்தியிருந்தார். நான் அதை எடுக்கச் சொல்லவில்லை. யார் காப்பாற்றினாலும் சரி என்றிருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது அந்த நர்ஸ், சின்னவன் சில சமயம் மூச்சு விட மறந்துவிடுவான், உள்ளங்காலைச் சுண்டி ஞாபகப்படுத்த வேண்டும் என்றார். அதற்குப் பிறகு எனக்கு ஏது தூக்கம்? என் கணவருக்கு கியூர்பிப்பில் ஒரு கடையில் வேலை, சனிக்கிழமைதான் எங்கள் ஊரான ட்ரியோலேக்கு வருவார். நானும் நாத்தனாரும் மாறி மாறி அவன் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாத்தனார்தான் சொன்னார். "இவனை வித்துடு பெண்ணே. உன் பிள்ளைன்னாதானே உன்கிட்டேர்ந்து பறிக்க வரும்?"

எங்கள் ஜனங்களிடம் அப்படி ஒரு வழக்கம். பிழைக்காது என்று பயப்படுகிற பிள்ளையைத் தவிட்டுக்கு இன்னொருத்திக்கு விற்றுவிடுவோம், வளர்ப்பது நாம்தான், ஆனால் பிள்ளை அவளுடையது. ஒரு வயது தாண்டியதும் அவள் கையிலிருந்தே திரும்ப வாங்கிக்கொள்வோம். அதுவரை வாய் தவறிக்கூட 'என் பிள்ளை' என்று சொல்லக் கூடாது. படித்தவள் இதற்குத் தலையாட்டலாமா என்று இருந்தது. ஆட்டாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்றும் இருந்தது. ஆட்டினேன்.

வாங்கியவள் பக்கத்து வீட்டு லூசியா. மாதா கோவிலுக்குப் போகிறவள், பேசுவது இந்தத் தீவின் கிரியோல் மொழிதான், ஆனால் அவள் முன்னோரும் எங்கள் முன்னோரைப் போலக் கப்பலில் வந்த தமிழர்கள். இந்த வழக்கம் மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பின்வாசலில் வைத்துக் கைமாற்றினோம். "அயோ மதாம், இந்தக் கோழிக்குஞ்சுக்கு ஒரு முறம் தவிடா? என் பன்னி என்னைச் சும்மா விடுமா?" என்று சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

அப்புறம் ஒரு மழை நாள். நாத்தனார் கோவிலுக்குப் போயிருந்தார். மத்தியானமே வீடு இருட்டிக் கிடந்தது. பெரியவனுக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பினால் சின்னவனின் உதடு நீலமாக இருந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன், முதுகைத் தேய்த்தேன், பெயர் சொல்லிக் கத்தினேன். ஒன்றுமில்லை.

அப்போது பின்வாசலில் ஒரு பெண் குரல், கிரியோலில், நிதானமாக: "என் பிள்ளையைக் கொடு."

தலையில் கோணிச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். மழையில் கரும்புத் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள், முகம் தெரியாது. 'என் பிள்ளை' என்று கேட்கக்கூடியவள் லூசியா ஒருத்திதானே. நம்பினால் நம்புங்கள், ஒரு வார்த்தை கேட்காமல் நீட்டிவிட்டேன். அவள் அவனைச் சாக்குக்குள் மார்போடு சேர்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று சாக்குக்குள்ளிருந்து அழுகை வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டுக் கரும்புப் பக்கம் நடந்து போனாள். அவன் உடம்பு சூடாக இருந்தது. அந்த மழையிலும் துணி நனைந்திருக்கவில்லை.

சாயங்காலம் லூசியா வந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "என்னத்துக்கு மதாம் அழறே? நான் காலையிலேயே பாம்ப்ளமூஸுக்குப் போயிட்டேன், சாவு வீடு. இப்பத்தான் பஸ்ஸை விட்டு இறங்கறேன்" என்றாள். நடந்ததைச் சொன்னேன். சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியது. வேண்டிக்கொண்டபடி காவடி எடுத்தேன். பிறகு ஒரு முறத்தில் தவிட்டை எடுத்துக்கொண்டு லூசியா வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தைத் தொடவே இல்லை.

"என்கிட்ட ஏது பிள்ளை? அன்னைக்குக் கேட்டவகிட்ட நீதானே கொடுத்தே? அவகிட்டதான் வாங்கணும்."

"அவளை நான் எங்கே போய்த் தேடுவேன், லூசியா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கணவர் சொல்கிறார், தோட்டத்துப் பெண் யாராவது மழைக்கு ஒதுங்கியிருப்பாள், தூக்கம் கெட்ட உனக்கு ஏதோ கேட்டிருக்கும் என்று. இருக்கலாம். சின்னவன் இப்போது அண்ணனோடு பள்ளிக்கூடம் போகிறான், சண்டை போடுகிறான், சாப்பிடுகிறான். அவனை 'என் பிள்ளை' என்று சொல்ல மட்டும் எனக்கு இன்னும் நாக்கு எழுவதில்லை.

கணவரிடமும் லூசியாவிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. பிள்ளையை என் கையில் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பெண் பேசினாள். மெதுவாகத்தான், ஆனால் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கொஞ்ச நாள் வச்சுக்கோ" என்றாள்.