கடன் அடைந்த வீட்டில் கால் பங்கு

1. க்ளோஸ் பண்ண வந்தவள்

வீட்டுக்கடன் டெஸ்க்கில் பல வருடம் உட்கார்ந்தவள் நான். கடனை அடைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு வருவார்கள். சிலர் சந்தேஷ் இனிப்புப் பெட்டிகூடக் கொண்டுவருவார்கள். ஷர்மிளா எங்கள் பேங்க்கின் பாலிகஞ்ச் கிளைக்கு வந்த அன்று, செக் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரிப்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

கணவன் மாரடைப்பில் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. குழந்தை இல்லை. ஃப்ளாட்டும் லோனும் இருவர் பெயரிலும் இருந்தன. அவனுடைய இன்ஷூரன்ஸ் பணம் அவளுக்கு வந்திருந்தது. லோன் பாக்கியைக் கட்டினால் அதில் அநேகமாக எதுவும் மிஞ்சாது.

கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், பள்ளிக்கூட டீச்சர். என்னை அக்கா என்காமல், வங்காளத்தில் 'தீதி' என்றுதான் கூப்பிட்டாள்.

"என்ன அவசரம்? உன் சம்பளத்துலயே இஎம்ஐ கட்டிடலாம். பணம் கையில இருக்கட்டுமே" என்றேன்.

"மாசாமாசம் அவர் பேரைப் போட்டு மெசேஜ் வருது தீதி. இஎம்ஐ எடுத்தாச்சுன்னு. என்னால அதைப் பாக்க முடியல."

மேனேஜர் தத்தா அவளை உள்ளே கூப்பிட்டார். மியூச்சுவல் ஃபண்ட் விற்க எங்கள் கிளைக்கு டார்கெட் இருந்தது. லோன் வட்டி இவ்வளவு, ஃபண்டில் இவ்வளவு கிடைக்கலாம், ரிட்டயர் ஆகும்போது வித்தியாசம் இவ்வளவு என்று காகிதத்தில் போட்டுக் காட்டினார். கணக்கில் தப்பில்லை.

"அது கொறஞ்சு போச்சுன்னா?" என்று கேட்டாள்.

"லாங் டெர்ம்ல பாத்தா குறையாதும்மா."

"லாங் டெர்ம்னு நெனச்சுத்தான் சார் நாங்க ரெண்டு பேரும் இருபது வருஷ லோன் எடுத்தோம்."

தத்தா பேனாவை மூடிவிட்டார்.

2. நான் சொன்னது

வெளியே வந்ததும் வேறொன்று கேட்டேன்.

"உன் மாமியார் இருக்காங்களா?"

"சாந்த்ராகாச்சியில, மூத்தவர் வீட்ல இருக்காங்க. ரயில்வே குவார்ட்டர்ஸ்."

"உன் வீட்டுக்காரர் உயில் எழுதி வெச்சிருந்தாரா?"

"இந்த வயசுல யாரு தீதி உயில் எழுதுவா?"

அவளுக்கு விளக்கினேன். ஃப்ளாட்டில் பாதி அவளுடையது. கணவனுடைய பாதி, மனைவிக்கும் அம்மாவுக்கும் சமமாகப் போகும். அதாவது மாமியாருக்குக் கால் பங்கு. லோன் இருக்கும்வரை அந்தப் பங்கின் தலையிலும் கடன் உண்டு, யாரும் கேட்டு வர மாட்டார்கள். அடைத்துவிட்டால் அது சுத்தமான கால் பங்கு. தவிர, மாமியார் கையெழுத்து இல்லாமல் ஒரிஜினல் பத்திரத்தை பேங்க் திருப்பித் தராது.

"மொதல்ல பங்கு வேண்டாம்னு அவங்ககிட்ட விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கு. அப்புறம் க்ளோஸ் பண்ணு."

அவள் கண் கலங்கிவிட்டது. "பையனைப் பறிகொடுத்துட்டு அழுதுட்டிருக்கறவங்ககிட்டப் போய் எப்படிக் கையெழுத்து கேப்பேன்? அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல தீதி."

செக்கை எழுதிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். கட்டுகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்ல பேங்க்குக்கு உரிமையில்லை.

3. பத்திரம் வாங்க வந்த நாள்

மாமியாரோடு மூத்த மகன் ரவியும் வந்திருந்தார். ரயில்வேயில் வேலை, மரியாதையான மனிதர். பத்திரத்தை ஷர்மிளாவிடம் கொடுக்கச் சம்மதம் என்று மாமியார் கையெழுத்துப் போட நான் நீட்டிய ஃபாரத்தை நிதானமாகப் படித்தார்.

"அம்மாவோட பங்கை என்ன பண்றதா இருக்க, ஷர்மிளா?"

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு, "கடன் இருந்தப்போ இதைக் கேக்கலையே அண்ணா" என்றாள்.

"அப்போ கடன் இருந்துச்சு. இப்போ வீடு இருக்கு. அம்மாவை நான்தானே பாத்துக்கறேன். அவங்க மருந்துச் செலவு உனக்குத் தெரியாதா?"

நான் அந்த அம்மாவிடம் கேட்டேன், "உங்க விருப்பம் என்னம்மா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மருமகளைப் பார்க்கவில்லை. "எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு நான் எந்த வீட்டுக்கும்மா திரும்பிப் போறது?" என்றார் மெதுவாக.

ரவி டோக்கன் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மாமியார் சார்பில் அலிப்பூர் வக்கீல் ஒருவரிடமிருந்து ஷர்மிளாவுக்கு நோட்டீஸ் வந்தது. கோர்ட்வரை போகவில்லை, பேசி முடித்தார்கள். விடுதலைப் பத்திரம் வேண்டுமானால் கால் பங்கின் விலையைப் பணமாகத் தர வேண்டும். அவளிடம் பணம் ஏது? எல்லாம் அந்த வீட்டுக்குள் போயிருந்தது.

மறுபடி என் டெஸ்க்குக்கு வந்தாள், அதே ஃப்ளாட்டை அடமானம் வைத்துப் புது லோன் வாங்க. இந்தத் தடவை ஒரே சம்பளம், வட்டியும் பழைய லோனைவிட அதிகம். நான்தான் ப்ராசஸ் பண்ணினேன். தொகையை உறுதி செய்யச் சொன்னபோது, "சரிதான் தீதி" என்றாள். மாமியாருக்கான செக்கை அவளே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். அதற்குப் பிறகு சாந்த்ராகாச்சிப் பக்கம் அவள் போகவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இந்த டெஸ்க்குக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். அடைப்பதா, முதலீடு செய்வதா என்று யாராவது கேட்டால் வட்டி விகிதத்தைக் கடைசியில் பாருங்கள். அந்த வீட்டில் யார் யாருக்குப் பங்கு என்று முதலில் கேளுங்கள். கையில் இருக்கும்வரை பணம் ஒருவருடையது. வீட்டுக்குள் போய்விட்டால் அந்த வீட்டில் பங்குள்ள எல்லாருக்கும் போகும்.

கேட்டாலும் போதாது. நான் கேட்டேன், சொன்னேன், அவளுக்குப் புரியவும் செய்தது. ஆனால் அப்போது அவளுக்கு அந்தக் கடன் கண்ணில் படாமல் போனால் போதும் என்றிருந்தது. இப்போதெல்லாம் சாவு நடந்த வீட்டிலிருந்து யாராவது லோனை அடைக்க வந்தால், ஒரு வருடம் பொறுத்து வாருங்கள் என்று சொல்லிப் பார்க்கிறேன். சிலர் பொறுக்கிறார்கள். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு, வேறு கிளையில் போய்க் கட்டிவிடுகிறார்கள்.