விற்பனை பூஜ்யம்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் ஜோசியர் என்றுதான் கூப்பிடுவார்கள். கைரேகையும் தெரியாது, ஜாதகமும் தெரியாது. பல கிளைகள் கொண்ட ஒரு சூப்பர் மார்க்கெட்டின் தலைமை அலுவலகத்தில், அடுத்த வாரம் எந்தக் கிளையில் எந்தச் சாமான் எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது அவர் வேலை. கூட்டிச் சொன்னால் தக்காளி கிடங்கில் அழுகும். குறைத்துச் சொன்னால் வாங்க வந்தவர் வெறும் பையோடு திரும்புவார். இரண்டுக்கும் திட்டு இவருக்குத்தான். சரியாகச் சொன்ன வாரத்தில் ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

வீட்டில் அந்த ஜோசியம் பலிப்பதில்லை. தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் சோப்பு தீர்ந்துபோனது தெரியும். "ஊருக்கே சோப்பு அனுப்புற மனுஷன்" என்று மனைவி கதவிடுக்கில் ஒன்றை நீட்டுவாள்.

ஒரே மகள் வெளியூரில் வேலை பார்த்தாள், விடுதி வாசம். ஞாயிறுதோறும் போன் செய்து, "அப்பா, இந்த வாரமாவது வர்றீங்களா?" என்பாள். ஞாயிறுதான் அவர் வாரக் கணக்கைப் போட்டு முடிக்கும் நாள். "அடுத்த மாசம் பாக்கலாம்மா" என்பார். அந்த அடுத்த மாதம் வந்தபாடில்லை. ஒரு கட்டத்தில் அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள்.

"அவ நம்மகிட்டேருந்து விலகிப் போறா. உங்களுக்கு உறைக்குதா இல்லையா?" என்றாள் மனைவி.

"தனியா இருக்கப் பழகிட்டா. நல்லதுதானே" என்றார் ஜோசியர்.

அந்தச் சமயம் பார்த்துக் கடைவாய்ப்பல் படுத்த ஆரம்பித்தது. பல் டாக்டரின் கிளினிக், அவர்களுடைய சின்னக் கிளை ஒன்றை ஒட்டி இருந்தது. அவர் கிளைகளுக்குப் போவதே அபூர்வம். எண்கள்தான் மேஜைக்கே வந்துவிடுகின்றனவே. வீங்கிய கன்னத்தோடு சும்மா உள்ளே நுழைந்தவர், குழந்தை உணவு ரேக்கின் முன் நின்றார். பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கான சோயா பவுடர் இருக்க வேண்டிய இடத்தில் பிஸ்கட்டைப் பரப்பி வைத்திருந்தார்கள். பல வாரங்களாக இங்கே அந்தப் பவுடரின் விற்பனை பூஜ்யம். 'தேவை இல்லை' என்று போன வாரம்தான் அவரே அதை இந்தக் கிளையின் பட்டியலிலிருந்து தூக்கியிருந்தார்.

"இதை இங்கே யாருமே வாங்கறதில்லையா?" என்று கிளை மேனேஜரிடம் கேட்டார்.

"இருந்தாத்தானே சார் வாங்குவாங்க? டின்னெல்லாம் நசுங்கிப்போச்சுன்னு எடுத்து உள்ளே வச்சோம். கம்ப்யூட்டர்ல கழிக்க மறந்துட்டோம். ஸ்டாக் இருக்குன்னே அது காட்டிட்டிருந்தது, புதுசு வரலை. ஒரு அம்மா வாராவாரம் கைக்குழந்தையோட வந்து கேட்டாங்க. அப்புறம் கேக்கறதையே விட்டுட்டாங்க."

ஜோசியருக்குப் பல்வலி மறந்துபோயிற்று. விற்காததும் வேண்டாததும் ஒன்றல்ல என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதில் கோட்டை விட்டதற்கு வெட்கமாக இருந்தது. ஆனால் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது மேனேஜரின் கடைசி வரிதான்: கேக்கறதையே விட்டுட்டாங்க.

மறுநாளே புது டின்கள் போயின. ஞாயிற்றுக்கிழமை அவரும் போனார், மகளின் ஊருக்கு.

"என்னப்பா திடீர்னு? சொல்லியிருக்கலாமே. நான் ஃப்ரெண்டோட வெளிய கிளம்பிட்டேன்" என்றாள் அவள். விடுதி வரவேற்பறையில் அரைமணி நேரம் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அடுத்த ஞாயிறும் போனார். அவள் துணி துவைத்துக்கொண்டே ரெண்டு வார்த்தை பேசினாள்.

அந்தச் சின்னக் கிளையில் பவுடரும் அசையவில்லை. "திருப்பி அனுப்பிடவா சார்?" என்று மேனேஜர் போனில் கேட்டார்.

"இருக்கட்டும். காலி ரேக்கைப் பார்த்துட்டுப் போனவங்க, உடனே நம்பி வரமாட்டாங்க" என்றார் இவர்.

அதற்கடுத்த ஞாயிறு நல்ல மழை. இந்த வாரம் விட்டுவிடலாமா என்று யோசித்தபடி அவர் ஜன்னலோரம் நின்றிருந்தபோது போன் அடித்தது.

"அப்பா, பஸ் ஏறிட்டீங்களா? இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம் வாங்களேன்."

ஊரே என்ன கேட்கும் என்று சொல்லத் தெரிந்தவர் இதை எதிர்பார்க்கவில்லை. "ஏறிட்டேம்மா" என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு, செருப்பைத் தேடினார்.