கேக் வெட்டுமுன் ஒரு செய்தி

யோகாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. கிறிஸ்தவராகிப் பதினோரு வருடங்கள். இத்தனை காலத்தில் தன் விசுவாசத்தைப் பற்றி வெளியாள் ஒருவரிடமும் அவர் வாய் திறந்ததில்லை.

களைப்பு ஒரு காரணம். மெரிலேண்ட்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. விடிந்ததும் தொடங்கினால் ஆட்களைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது. கிரவீனில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேரும்போது சப்பாத்தைக் கழற்றவே குனிய முடியாது.

சபையிலோ இந்த வருடம் முழுக்க ஒரே பேச்சு: சுவிசேஷம் சொல்வது போதகரின் வேலை மட்டுமல்ல, ஒவ்வொரு விசுவாசியின் வேலை. ஆகஸ்டில் விருந்தினர் ஞாயிறு. ஆளுக்கு ஒருவரையாவது கூட்டி வர வேண்டும்.

"உங்க மனசுல ஒரு பேர் இருக்கும், சிஸ்டர்" என்றார் பாஸ்டர் பிரதீப்குமார். நாகர்கோவில்காரர்.

இருந்தது. கல்யாணி. அதே இல்லத்தில் வேலை, இரண்டு தெரு தள்ளி வீடு, வெள்ளிக்கிழமை விரதம். யோகாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நாலு வருடமாகக் கல்யாணியின் காரில்தான் போய்வருகிறார். டியூட்டி ரோஸ்டர், முதுகுவலி, பிள்ளைகள், எல்லாம் பேசுவார்கள். இதை மட்டும் பேசியதில்லை. பேசி இந்த ஒரு சிநேகிதியையும் இழந்துவிட்டால்?

மகள் வினுஷாவின் இருபத்தோராம் பிறந்தநாளில் யோகா ஒரு குறுக்குவழி கண்டார். சபைக் குடும்பங்களில் கேக் வெட்டுமுன் ஜெபம் வைப்பது வழக்கம். கல்யாணியைப் பார்ட்டி என்று மட்டும் சொல்லி அழைத்தார். பாஸ்டரிடம், "நீங்களே கொஞ்சம் சொல்லிவிடுங்கோ, எனக்கு ஏலாமல் இருக்கு" என்றார்.

பாஸ்டர் கொஞ்சம் சொல்லவில்லை. மேசையில் கேக்கின் கிரீம் இளகத் தொடங்கியது. தேவசெய்தி முக்கால் மணி நேரம் போனது. கடைசியில், "இயேசுவை ஏத்துக்க விரும்புறவங்க கை உயர்த்துங்க" என்றார். கூடத்தில் வெளியாள் ஒருவர்தான். கண் மூடியிருந்த தலைகள் எல்லாம் அந்தப் பக்கம் மெல்லத் திரும்பின. கல்யாணி பரிசுப் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். அன்று வெள்ளிக்கிழமை, அவருக்கென்றே யோகா தனியாகச் சமைத்து வைத்த மரக்கறிச் சாப்பாட்டைத் தொடாமல் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை கார் வழக்கம்போல் வந்தது.

"கேக் வெட்டக் கூப்பிட்டனியோ, என்னை வெட்டக் கூப்பிட்டனியோ?"

"மன்னிச்சுக்கொள்ளு, கல்யாணி."

"அந்த மனுசனைச் சொல்லிக் குற்றமில்லை. அவரின்ரை வேலை அது. நீ ஏனடி ஒண்டும் சொல்லேல்லை? முருகனைப் பற்றி நான் எத்தனை தரம் அலட்டியிருப்பன், இந்தக் காருக்குள்ளை!"

யோகா ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"வினுஷாவின்ரை அப்பா செத்த கிழமை எனக்கு எழும்பவே ஏலாது. சமைக்கேல்லை, குளிக்கேல்லை. சபையிலை இருந்து ஒரு அன்ரி வந்தவ. முன்னப்பின்னத் தெரியாது. குசினியிலை சட்டி பானையெல்லாம் கழுவிப்போட்டுப் போனா. பிறகும் வந்தா. ஏன் வாறீங்கள் எண்டு கேட்டன். இயேசுதான் அனுப்பினவர் எண்டு சொன்னா. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஒருநாள் சிரிப்பு வரேல்லை. அவ்வளவுதான். பெரிசாச் சொல்ல எனக்குத் தெரியாது."

கல்யாணி சிக்னலில் நிறுத்தினார்.

"இதை முதலே சொல்லியிருக்கலாம்."

"ஓம்."

"நான் கோயிலை விட்டு வரமாட்டன்."

"தெரியும்."

"ஆனா நீ சொன்னதைக் கேட்டனான். அந்தாள் சொன்னது ஒண்டும் காதிலை ஏறேல்லை." பச்சை விழுந்தது. "கொஞ்ச நாளைக்கு நான் தனியப் போறன், யோகா. எல்லாரும் என்ரை கையையே பார்த்துக்கொண்டு இருந்தவை. அது இன்னும் மனசிலை நிக்குது."

யோகா தலையசைத்தார். கெஞ்சவில்லை, கெஞ்சவும் தெம்பில்லை.

அந்த வார ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் கேட்டார். "விருந்தினர் ஞாயிறுக்கு உங்க ஃபிரெண்ட் வர்றாங்களா, சிஸ்டர்?"

"இல்லை, பாஸ்டர்."

"நான் வேணா ஒரு போன் பண்ணிப் பேசட்டுமா?"

"வேண்டாம். நாங்கள்தான் சொல்லோணும் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். நான் சொல்லிப்போட்டன்."

நாளை காலையும், இந்த வாரம் முழுக்கப் போனதுபோல, யோகா பென்டில் ஹில் ஸ்டேஷன் வரை நடந்து, மெரிலேண்ட்ஸுக்கு ரயிலில் போகிறார்.