யானையை மறைத்த தொப்பி

காட்டு விலங்குகளைப் பார்க்கப் போன அந்த ஜீப்பில் நானும் அப்பாவும் சாரதியும் இருந்தோம். அம்மா வரவில்லை, துப்புரவு வேலையில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. "நீ எடுத்துக்கொண்டு வாற படத்திலை பாக்கிறன்" என்றார்.

அப்பா சூரிச்சில் ஓர் உணவகத்தில் இருபத்தாறு வருடம் கோப்பை கழுவியவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்து வேலைக்குப் போனவன் நான். சம்பளத்தைச் சேர்த்துப் பெரிய கமெரா ஒன்று வாங்கி, அவரைத் தன்சானியாவுக்குக் கூட்டிப்போனேன்.

அப்பாவுக்கு முன்பல் ஒன்று இல்லை. யார் படம் எடுத்தாலும் வாயை இறுக மூடிக்கொள்வார்.

மூன்றாம் நாள் யானைக்குட்டி ஒன்று சேற்றில் வழுக்கி விழுந்தது. எழும்பி, மறுபடியும் விழுந்தது. முன் இருக்கையிலிருந்த அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். அந்தக் கணத்தில் நான் எடுத்த படத்தில் அவருடைய தொப்பி தாய் யானையை மறைத்துவிட்டது.

"அப்பா, கொஞ்சம் சரியுங்கோ. மறைக்குது."

"ஓம் ஓம். என்ரை மூஞ்சையைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனி?"

மத்தியானம் கமெராவின் கார்ட் நிறைந்துவிட்டது. சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் பழுதான படங்களை அழித்தேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்ரை தலை வந்ததையும் அழிச்சுப்போட்டியோ?"

"ஓம் அப்பா."

"நல்லது" என்று பாணைக் கடித்தார். கார்டில் காலியான இடத்தில் பிறகு சிங்கங்களை எடுத்தேன்.

அடுத்த தை மாதம், வேலைக்குப் போகும் வழியில், டிராமிலேயே அப்பா இறந்துபோனார். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்குப் படம் கேட்டார்கள். வதிவிட அட்டைக்கு எடுத்த படத்தை நீட்டினேன்.

"பொலிஸ் பிடிச்ச ஆள் மாதிரிக் கிடக்கு" என்றார் அம்மா. "சிரிச்ச படம் ஒண்டும் இல்லையோ? நாலாயிரம் எடுத்தனெண்டாய்."

"ஒண்டு இருந்ததம்மா. அழிச்சுப்போட்டன்."

அவர் ஏசவில்லை. அடுத்த நாள் வேலையால் வந்ததும் சொன்னார்: "அழிச்சதைத் திருப்பி எடுக்கிற கடை இருக்காம். நான் கேட்டனான்."

கடைக்காரர் கார்டை ஒரு கிழமை வைத்திருந்தார். படத்தின் மேற்பகுதி மட்டும் மீண்டது. தொப்பி, சுருங்கிய கண்கள், மூக்கு. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். வாய் இருந்திருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அம்மா கனநேரம் நின்றார்.

நினைவு மலரில் வதிவிட அட்டைப் படமே வந்தது. கடைக்கான காசை அம்மா என்னைக் கட்ட விடவில்லை. அறுநூற்று நாற்பது பிராங்.